பல்கலைக்கழகக் கணினிகளுக்குப் பெயர் வைப்பது

வலையமைப்பில் இணைந்திருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு: எண்ணாலான முகவரி ஒன்று, பெயர் ஒன்று. இயந்திரங்கள் தமக்குள் தகவல் அனுப்பிக்கொள்ள எண்ணே போதும். பெயர் மனிதர்களுக்காக ஏற்பட்டது. 32 பிட் கொண்ட பழைய ஐ.பி. முகவரியையாவது ஓரளவு மனப்பாடம் செய்துவிடலாம். 128 பிட் கொண்ட ஆறாம் பதிப்பு முகவரியை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் பெயரைச் சொன்னால் எண்ணையும் எண்ணைச் சொன்னால் பெயரையும் தவறில்லாமல் எடுத்துத் தரும் பதிவேடு ஒன்று எந்த வலையமைப்புக்கும் வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் இந்தப் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருப்பது மற்ற இடங்களைவிடக் கடினம். ஒரு வங்கியிலோ தொழிற்சாலையிலோ கணினி வாங்குவதும் பெயர் கொடுப்பதும் ஒரே அலுவலகத்தின் கையில் இருக்கும். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறை தன் ஆய்வு நிதியில் ஒரு சர்வர் வாங்கும். நூலகம் தன் கணக்கில் வேறொன்று வாங்கும். விடுதி அறைகளில் மாணவர்களின் லேப்டாப்புகள் நூற்றுக்கணக்கில் வந்து சேரும். ஆய்வு மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போன பிறகும் அவர் அமைத்த கணினி ஆய்வகத்தின் மூலையில் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் பெயர் என்ன, அது யாருடையது, அணைத்தால் எது நின்றுபோகும் என்று சொல்ல ஆள் இருக்காது. பெயரிடும் முறைக்கு வரும் முதல் சோதனை இதுதான்.

இந்தச் சிக்கல் இணையத்தின் தொடக்கத்திலேயே இருந்தது. 1969-இல் இணைக்கப்பட்ட, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் முதல் நான்கு இடங்களில் மூன்று பல்கலைக்கழகங்கள்: லாஸ் ஏஞ்சல்ஸிலும் சாண்டா பார்பராவிலும் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழக வளாகங்களும், யூட்டா பல்கலைக்கழகமும். நான்காவது, எஸ்.ஆர்.ஐ. என்னும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம். லாஸ் ஏஞ்சல்ஸ் 1, எஸ்.ஆர்.ஐ. 2, சாண்டா பார்பரா 3, யூட்டா 4 என்ற எண்களே அன்று முகவரி. எண்ணிக்கை கூடியதும் ஒவ்வோர் இடத்திலும் இருந்தவர்கள் மற்ற இடங்களுக்குத் தங்களுக்குத் தோன்றிய சுருக்கப் பெயரை வைத்துக்கொண்டார்கள். ஓர் ஊரில் ஒரு பெயரைத் தட்டச்சு செய்தால் இணையும் கணினி, மற்றோர் ஊரில் வேறு பெயருக்குத்தான் இணையும். 1971 செப்டம்பரில் மைட்டர் நிறுவனத்தைச் சேர்ந்த பெகி கார்ப், எல்லோருக்கும் பொதுவான ஒரே பெயர்ப் பட்டியல் வேண்டும் என்று ஆர்.எஃப்.சி. எனப்படும் எண்ணிட்ட தொழில்நுட்பக் குறிப்பு வரிசையில் 226-ஆவதை வெளியிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 289-இன் தலைப்பே, இதுவே அதிகாரபூர்வப் பட்டியல் என்று நம்புவதாகத்தான் சொல்கிறது. அந்தச் சில மாதங்களில் எவ்வளவு வாதம் நடந்திருக்கும் என்பதை அந்தத் தலைப்பிலிருந்து ஊகிக்கலாம்.

பட்டியல் இருந்தால் மட்டும் போதவில்லை. ஒவ்வோர் இடமும் அதைக் கையால் படியெடுத்துத் தன் கணினியில் ஏற்றிக்கொண்டதால் படிகள் விரைவிலேயே பழையவையாகிவிட்டன. 1973 டிசம்பரில் பீட்டர் டாய்ச் எழுதிய ஆர்.எஃப்.சி. 606 இந்த நிலையைக் கடுமையாகச் சாடியது. கணினியே படித்துக்கொள்ளும்படியான ஒரே கோப்பை ஓரிடத்தில் வைத்து எல்லோரும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் அவர். எஸ்.ஆர்.ஐ.யின் வலையமைப்புத் தகவல் மையம் அந்தப் பொறுப்பை ஏற்றது. எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய அந்த மையம், ‘ஹோஸ்ட்ஸ்.டெக்ஸ்ட்’ என்ற கோப்பைப் பல ஆண்டுகள் பராமரித்தது. புதிய கணினி வாங்கியவர்கள் மையத்துக்குத் தெரிவிப்பார்கள்; மையம் கோப்பில் சேர்க்கும்; மற்றவர்கள் புதிய கோப்பை இறக்கிக்கொள்வார்கள்.

அந்தக் கோப்பில் எல்லாப் பெயர்களும் ஒரே தளத்தில் இருந்தன. ஒரு பெயரை ஒருவர் எடுத்துக்கொண்டால் உலகில் வேறு யாரும் அதை வைக்க முடியாது. அதனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் பெயரை முன்னொட்டாகச் சேர்த்தன: மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக் கணினி ‘எம்ஐடி-ஏஐ’. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துப் புகழ்பெற்ற கணினி ‘யுசிபிவாக்ஸ்’. இவற்றில் ஒரு படிநிலை ஏற்கெனவே ஒளிந்திருந்தது. முதலில் நிறுவனம், பிறகு இயந்திரம். அதை வெளிப்படையான விதியாக்குவதுதான் அடுத்த படி.

தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய பால் மொக்கபெட்ரிஸ் 1983 நவம்பரில் டி.என்.எஸ். என்னும் டொமைன் பெயர் முறையின் முதல் வரையறையை வெளியிட்டார். அதன் அடிப்படை எளியது: பெயர்வெளி ஒரு மரம், ஒவ்வொரு கிளையும் தனக்குக் கீழுள்ள பெயர்களுக்குத் தானே பொறுப்பு. ‘பெர்க்லி.இடியு’ என்ற பெயரைப் பெர்க்லிக்குக் கொடுத்த பிறகு, அதற்குள் என்ன பெயர் வைக்கிறார்கள் என்பது மேலே இருப்பவர்களின் கவலையல்ல. பெர்க்லி தன் கணினி அறிவியல் துறைக்கு ஒரு கிளையைப் பிரித்துக் கொடுத்தால், அந்தக் கிளையைத் துறையே பார்த்துக்கொள்ளும். இரண்டு துறைகளில் ஒரே பெயருள்ள கணினி இருந்தாலும் முழுப் பெயர் வேறாக இருப்பதால் குழப்பமில்லை. துறைகளின் சுதந்திரத்தையும் பெயர்களின் ஒருமையையும் சேர்த்தே காத்த இந்த ஏற்பாடு பல்கலைக்கழகங்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்தது. 1984-இல் பெர்க்லியின் பட்ட மேற்படிப்பு மாணவர்கள் நால்வர் இதை யூனிக்ஸில் இயக்கும் ‘பைண்ட்’ என்ற மென்பொருளை எழுதினார்கள். 1985 ஏப்ரலில் பெர்க்லி, கார்னகி மெலன், பர்டியூ, ரைஸ், லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகம் ஆகியவை கல்வி நிறுவனங்களுக்கான ‘இடியு’ கிளையில் பதிந்துகொண்டன.

2001-க்குப் பிறகு ‘இடியு’ அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் என்று விதி வந்தது. அதற்கு முன்பே பதிந்திருந்தவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயர் ‘இடியு’ என்று முடிவதற்கு இதுவே காரணம். சென்னை ஐ.ஐ.டி. ‘ஏசி.இன்’ கிளையிலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ‘ஏசி.எல்கே’ கிளையிலும் இருக்கின்றன. கல்வி நிறுவனத்தை ‘ஏசி’ என்று குறிக்கும் இந்த வழக்கம் பிரிட்டனில் உள்ளதே.

அந்தப் பிரிட்டன்தான் பெயரின் வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் நல்ல சான்று. அங்கே பல்கலைக்கழகங்களை இணைத்த ‘ஜேனட்’ வலையமைப்பு, டி.என்.எஸ். பரவும் முன்பே தனக்கென ஒரு பெயர்ப் பதிவு முறையை வைத்திருந்தது. அதில் நாடு முதலில் வரும், இயந்திரம் கடைசியில் வரும். கேம்பிரிட்ஜின் ஃபீனிக்ஸ் என்ற பெருங்கணினி அந்த முறையில் ‘யுகே.ஏசி.கேம்.ஃபீஎக்ஸ்’. இணையத்தின் மற்ற பகுதிகளில் இயந்திரம் முதலில், நாடு கடைசியில். இரண்டு முறைகளும் ஒன்றையொன்று தொட்ட இடத்தில் மின்னஞ்சல் மென்பொருள்கள் பெயரைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்று தெரியாத பெயர் வந்தால் அவை ஊகித்தன. பெரும்பாலும் ஊகம் சரியாகவே இருந்தது. பிறகு செக்கோஸ்லோவாக்கியா இணையத்துக்கு வந்தது. அந்த நாட்டின் குறியீடு ‘சிஎஸ்’. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் கணினி அறிவியல் துறைகளின் கிளைப் பெயரும் ‘சிஎஸ்’தான். ஒரு துறைக்கு எழுதிய கடிதத்தை மென்பொருள் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எழுதியதாக எடுத்துக்கொள்ளும் நிலை வந்தது. ஜேனட்டின் வரிசை பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்வதால் தர்க்கத்தில் எந்தக் குறையும் இல்லாதது. ஆயினும் உலகம் வேறு வரிசையில் எழுதியபோது அது கைவிடப்பட வேண்டியதாயிற்று. பெயரிடுவதில் எது சிறந்த வழக்கம் என்பதைவிட எல்லோரும் ஒரே வழக்கத்தைக் கைக்கொள்வதே பெரிது என்பது அப்போது தெளிவானது.

பெயரில் எந்த எழுத்துகள் வரலாம் என்பதற்கும் விதிகள் உண்டு. 1985-இன் ஆர்.எஃப்.சி. 952 ஆங்கில எழுத்துகள், எண்கள், இடைக்கோடு ஆகியவற்றை மட்டும் ஏற்றது; மொத்தம் 24 எழுத்துக்கு மேல் கூடாது, முதல் எழுத்து எண்ணாக இருக்கக் கூடாது என்றது. 1989-இல் முதல் எழுத்து எண்ணாகவும் இருக்கலாம் என்று தளர்த்தினார்கள். டி.என்.எஸ்.ஸில் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலுள்ள பகுதி 63 எழுத்து வரை நீளலாம். ஆனால் விண்டோஸ் இன்னும் சுமந்துகொண்டிருக்கும் நெட்பயாஸ் பெயருக்கு 15 எழுத்துதான் எல்லை. துறை, கட்டடம், அறை, இருக்கை எல்லாவற்றையும் பெயருக்குள் திணிக்கும் திட்டம் பெரும்பாலும் இந்தப் பதினைந்தில்தான் உடைகிறது. நீளமான பெயரின் வால் வெட்டப்படும்போது, வேறுபாடு வாலில்தான் இருந்தது என்றால், பத்துக் கணினிகள் ஒரே பெயரில் நிற்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை டி.என்.எஸ். பார்ப்பதில்லை என்பதால் அதை நம்பியும் இரண்டு பெயர்களை வேறுபடுத்தக் கூடாது. தமிழ் உள்ளிட்ட பிற எழுத்துகளில் அமைந்த டொமைன் பெயர்கள் இன்று புழங்குகின்றன. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய மூன்றுக்கும் தமிழிலேயே உச்சநிலை டொமைன் உண்டு. அவையும் உள்ளே 2003-இல் வரையறுக்கப்பட்ட பியூனிகோட் முறைப்படி பழைய எழுத்துத் தொகுதிக்கு மாற்றப்பட்டே பதிவேட்டில் இடம்பெறுகின்றன.

இனி, என்ன பெயர் வைப்பது? அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தைச் சேர்ந்த டான் லிப்ஸ் 1990 ஆகஸ்டில் இதற்கென்றே ஆர்.எஃப்.சி. 1178-ஐ எழுதினார். கணினிக்குப் பெயர் வைப்பது பற்றி இன்றும் அதைவிடப் பயனுள்ள கையேடு இல்லை. அதில் ஓர் உதாரணம்: பல கணினிகளில் பகிர்ந்து வைத்த தரவுத்தளம் ஒன்றில், திருத்தங்களை ஏற்கும் ஒரே கணினிக்கு ‘அப்’ என்று பெயர் வைத்தார்கள். ‘அப் டவுனா?’ என்று ஒருவர் கேட்டால் கேள்வியே புரியவில்லை. அன்றாடப் பேச்சில் வேறு பொருளில் வரும் சொல்லைப் பெயராக்கக் கூடாது என்பது அதனால் பெறப்படும் விதி. மற்றோர் உதாரணம், தொழிற்கூட இயந்திரங்களைக் கட்டுப்படுத்த வாங்கி ‘ஷாப்’ என்று பெயரிட்ட கணினி. அதே வேலைக்கு இரண்டாவது கணினி வந்தபோது அதற்கு அந்தப் பெயரை வைக்க முடியவில்லை. பிறகு முதல் கணினியே சம்பந்தமில்லாத வேறு திட்டத்துக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் பழைய வேலையைச் சொல்லிக்கொண்டிருந்தது. செய்யும் வேலையைப் பெயராக்காதே, உன் சொந்தப் பெயரை வைக்காதே, எழுத்துக் கூட்டலில் விளையாடாதே என்றெல்லாம் லிப்ஸ் சொல்வதன் பின்னால் ஒரே காரணம் இருக்கிறது: மாறக்கூடிய எதையும் பெயருக்குள் வைத்தால் பெயர் ஒருநாள் பொய்யாகிவிடும்.

பல்கலைக்கழகங்களில் கோள்கள், நிறங்கள், தனிமங்கள், புராணப் பாத்திரங்கள் என்று ஒரு தொகுதியிலிருந்து பெயர் எடுக்கும் வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. அந்தப் பெயர்கள் எதையும் குறிக்காததால் பொய்யாவதில்லை. வாயால் சொல்லவும் எளிது. தொகுதி தீர்ந்துபோகாததாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்க்க வேண்டும். ஏழு குள்ளர்களின் பெயரை வைத்தால் எட்டாவது கணினிக்கு வழியில்லை என்று லிப்ஸே எச்சரிக்கிறார்.

ஐந்தாறு சர்வர்களுக்கு இது பொருந்தும். நூற்றுக்கணக்கான மாணவர் கணினிகளுக்குப் பொருந்தாது. எம்.ஐ.டி.யில் 1983-இல் தொடங்கிய அதீனா திட்டம் வளாகம் முழுவதும் பொதுக் கணினி அறைகளை அமைத்தபோது, இடமே பெயராயிற்று. கட்டட எண், அறை எண், அறைக்குள் கணினியின் வரிசை எண்: மாணவர் மையக் கட்டடமான டபிள்யூ20-இன் 575-ஆம் அறைக் கணினிகள் ‘டபிள்யூ20-575-’ என்று தொடங்கின. எண் மட்டுமே பெயராக உள்ள கட்டடங்களுக்கு முன்னால் ‘எம்’ சேர்த்தார்கள். பெயர் எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற விதி அப்போது நடப்பில் இருந்தது. லிப்ஸின் அறிவுரைக்கு இது எதிர்போலத் தோன்றலாம். ஆனால் மேசையோடு பொருத்திய பொதுக் கணினியைப் பொறுத்தவரை இடம்தான் மாறாதது; பழுதானால் உள்ளிருக்கும் இயந்திரம் மாற்றப்படும், இடமும் பெயரும் அப்படியே நிற்கும். புகார் வந்தால் பழுதுபார்ப்பவர் பெயரைப் பார்த்தே நேராக அந்த மேசைக்குப் போய்விடலாம். பேராசிரியரின் லேப்டாப்புக்கு இதே முறை முற்றிலும் தவறு. அது ஒருநாளில் மூன்று கட்டடங்களுக்குப் போகிறது. அதற்குச் சொத்துப் பதிவேட்டு எண்ணே நிலையான பெயர். ஒரே வளாகத்தில் மூன்று வகைப் பெயர்கள் இருப்பது ஒழுங்கின்மை ஆகாது. எந்த வகை இயந்திரத்துக்கு எந்த முறை என்பது எழுதி வைக்கப்பட்டு, அதன்படி நடந்தால் அதுவே ஒழுங்கு.

எண்களைப் பெயரில் சேர்க்கும்போது இலக்கங்களை ஒரே அளவில் வைப்பது சிறிய விஷயம். ஆனால் பெரிய உதவி. ‘07’ என்று எழுதாமல் ‘7’ என்று எழுதினால் பட்டியலில் 10 முன்னால் வந்து 7 பின்னால் போகும். ஆங்கில ‘ஓ’வும் சுழியும் ஒன்றுபோலத் தெரிவதால் அந்த எழுத்தைத் தவிர்ப்பதும் நல்லது.

வேலையைப் பெயராக்கக் கூடாது என்றால் மின்னஞ்சலுக்கு ‘மெயில்’ என்றும் இணையதளத்துக்கு ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’ என்றும் பெயர் இருப்பது எப்படி? அங்கேதான் டி.என்.எஸ்.ஸின் மாற்றுப்பெயர் வசதி வருகிறது. இயந்திரத்துக்கு ஒரு சொந்தப் பெயர். அது செய்யும் சேவைக்குத் தனிப் பெயர். சேவைப் பெயர் இயந்திரப் பெயரைச் சுட்டும். மின்னஞ்சல் புதிய இயந்திரத்துக்கு மாறும்போது சுட்டும் இடத்தை மாற்றினால் போதும். ஆயிரக்கணக்கான பயனர்களின் அமைப்புகளில் எதையும் தொட வேண்டியதில்லை. மாற்றத்துக்கு முன் ஒரு காரியம் மட்டும் செய்ய வேண்டும். விடையை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற கால அளவு ஒவ்வொரு பதிவிலும் உண்டு. அது 86,400 விநாடி என்றால் ஒருநாள் முழுக்கப் பழைய முகவரியே சிலருக்குக் கிடைக்கும். அதனால் ஒருநாள் முன்பே அதை 300 விநாடி போன்ற சிறிய அளவுக்குக் குறைப்பது அனுபவமுள்ளவர்களின் பழக்கம்.

பெயரைப் பொறுப்பிலிருந்து பிரிப்பதன் பயனை டி.என்.எஸ்.ஸின் உச்சியிலேயே காணலாம். மரத்தின் வேரைப் பராமரிக்கும் சர்வர்கள் முதலில் ஆளுக்கொரு பெயரில் இருந்தன. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துடையது ‘டெர்ப்’, பல்கலைக்கழகத்தின் சின்னமான டெரப்பின் ஆமையிலிருந்து வந்த பெயர். அன்றைய விதிப்படி விடை 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பெயர்களை வரிசையாக எழுதினால் இடம் தீர்ந்துவிடும். 1995-இல் அவை எல்லாவற்றுக்கும் ‘ரூட்-சர்வர்ஸ்.நெட்’ என்ற ஒரே பின்னொட்டைக் கொடுத்து, முன்னால் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து மட்டும் வைத்தார்கள். பொதுவான பின்னொட்டை ஒருமுறை எழுதினால் போதும் என்பதால் 13 சர்வர்களுக்கு இடம் கிடைத்தது. மேரிலாண்டின் சர்வர் அன்றிலிருந்து ‘டி’.

பெயரிலிருந்து எண்ணுக்குப் போகும் பதிவைச் சேர்த்துவிட்டு, எண்ணிலிருந்து பெயருக்கு வரும் எதிர்ப்பதிவை மறந்துவிடுவது வளாகங்களில் அடிக்கடி நேரும் பிழை. எதிர்ப்பதிவு தனிக் கிளையில், முகவரியைத் தலைகீழாக எழுதி வைக்கப்படுகிறது: 192.0.2.25 என்ற முகவரியைத் தேட ‘25.2.0.192’ என்று தொடங்கும் பெயரைக் கேட்க வேண்டும். இரண்டும் இரண்டு கோப்புகள் என்பதால் ஒன்றைத் திருத்தியவர் மற்றதைத் திருத்தாமல் விட வாய்ப்புண்டு. விளைவு உடனே தெரியாது. சில நாள் கழித்து, அந்தச் சர்வர் அனுப்பும் மின்னஞ்சலை வெளியூர் சர்வர்கள் மறுக்கும். அதீனா திட்டத்தில் பிறந்த கெர்பராஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையில் ஒவ்வொரு சேவைக்கும் உரிய சாவி அந்தக் கணினியின் பெயரோடு பிணைந்திருக்கிறது. பெயர் ஓரிடத்தில் ஒன்றாகவும் வேறிடத்தில் இன்னொன்றாகவும் தெரிந்தால், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தவருக்கும் கதவு திறக்காது. இரண்டு பதிவுகளையும் கையால் எழுதாமல், ஒரே தரவுத்தளத்திலிருந்து மென்பொருளே உருவாக்கும்படி வைப்பதுதான் இதற்கு உறுதியான தீர்வு.

சுருக்கப் பெயர்களிலும் ஓர் ஆபத்து இருந்தது. துறைக்குள் இருப்பவர் ‘மெயில்’ என்று மட்டும் தட்டச்சு செய்தால், கணினி தன் டொமைன் பெயரைப் பின்னால் ஒட்டிப் பார்க்கும். பழைய மென்பொருள்கள் இதை அளவுமீறிச் செய்தன. ஒரு வணிக நிறுவனத்திலிருந்து ‘இடியு’ என்று முடியும் பல்கலைக்கழகப் பெயரைக் கேட்டால், அதன் பின்னால் நிறுவனத்தின் பெயரை ஒட்டிப் பார்த்து, பிறகு வெறும் ‘காம்’ என்பதையும் ஒட்டிப் பார்த்தன. ‘இடியு.காம்’ என்று ஒருவர் பதிந்துவிட்டால், பல்கலைக்கழகங்களுக்குப் போக வேண்டிய இணைப்புகள் அவரிடம் போய்விடும். 1993 அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி. 1535 இந்த ஓட்டையை விளக்கி, ஒட்டிப் பார்க்க வேண்டிய பெயர்களை நிர்வாகி வெளிப்படையாகப் பட்டியலிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அமைப்புக் கோப்புகளில் எப்போதும் முழுப் பெயரையே எழுத வேண்டும் என்ற வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

பெயர் வெளியே என்ன சொல்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு மாணவர் தன் பெயரையே லேப்டாப்புக்கு வைத்திருந்தால், அது இணையும் ஒவ்வொரு வைஃபையிலும் அந்தப் பெயர் பலருக்குத் தெரியும்படி அறிவிக்கப்படுகிறது. அவர் எங்கெங்கே போகிறார் என்பதைத் தொடரவும் அது வழி செய்கிறது. 2017-இல் வந்த ஆர்.எஃப்.சி. 8117 நடப்பிலுள்ள இந்தப் பழக்கத்தைத் தீங்கானது என்றே வகைப்படுத்தியது. அதனால் விடுதி வலையமைப்பில் மாணவரின் கணினி தன்னைப் பற்றிச் சொல்லும் பெயரை ஏற்காமல், அதன் முகவரியிலிருந்து உருவாக்கிய பொதுப் பெயரைக் கொடுப்பது நல்லது.

கடைசியாக, பெயரை ஓய்வுபெறச் செய்வது. கணினியைக் கழற்றி எடுத்த பிறகும் அதன் பதிவும், அதைச் சுட்டும் மாற்றுப்பெயர்களும் பதிவேட்டிலேயே கிடப்பதுண்டு. வெளி நிறுவனத்தின் சர்வரைச் சுட்டும் மாற்றுப்பெயர் அப்படிக் கிடந்தால், அந்த நிறுவனத்தில் கைவிடப்பட்ட கணக்கை வேறொருவர் பிடித்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே பக்கம் நடத்த முடியும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பொறுப்பாளர், துறை, பதிந்த தேதி, மறுபரிசீலனைத் தேதி ஆகியவை இருக்க வேண்டும். பொறுப்பாளராகத் தனிநபரைக் காட்டிலும் பதவியையோ துறை அலுவலகத்தையோ எழுதுவது மேல். ஆய்வு மாணவர் போய்விடுவார், அலுவலகம் இருக்கும். ஆண்டுக்கொருமுறை பொறுப்பாளருக்குக் கடிதம் போக வேண்டும். பதில் வராத பெயர்களை முதலில் முடக்கி வைத்து, யாரும் தேடி வரவில்லை என்றால் பிறகு நீக்கலாம். நீக்கிய பெயரை உடனே வேறு கணினிக்குக் கொடுக்காமல் சில காலம் காலியாக விட வேண்டும். பழைய அமைப்புக் கோப்புகளும் சேமித்து வைத்த சாவிகளும் அந்தப் பெயரை இன்னும் பழைய இயந்திரம் என்றே நம்பிக்கொண்டிருக்கும்.